கன்னிக்காலில் கட்டிய போஞ்சித் தடி

எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள புல்வெளியில் போன கிழமை கம்புகள் முளைத்துவிட்டன. காலையில் வேலைக்குப் போகும்போது வெறும் புல்தான் கிடந்தது. பின்னேரம் திரும்பி வந்தால் பன்னிரண்டு அலுமினியக் கம்புகள் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும், கூரை எந்தப் பக்கம் சரியும் என்று காட்டுகிற ஒரு சின்னச் சட்டம். இளையவன் யன்னலால் எட்டிப் பார்த்தான்.

"அப்பா, நாலு மாடி வரப்போகுது. எங்கட வெயில் போச்சு."

சொல்லிவிட்டுப் போனில் வரைபடத்தையும் எடுத்துக் காட்டினான். நான் பார்க்கவில்லை. அந்தக் கம்புகளை நிமிர்ந்து பார்க்க எனக்கு ஏலாது. இருபது வருடமாக அப்படித்தான். ரயிலில் போகும்போது கண்டால்கூட முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன். "அப்பாவுக்குக் கம்பு அலர்ஜி" என்று மூத்தவள் பகிடி பண்ணுவாள். காரணத்தை நான் உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன், பிள்ளைகளே. எனக்குக் கட்டுரை எழுத வராது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் விண்ணப்பப் படிவங்கள்தான். அதனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சுவிஸ் நாட்டில் ஒருவர் தன் சொந்தக் காணியில் ஒரு கட்டடம் எழுப்புவதென்றால், முதலில் அதன் உருவத்தைக் காற்றில் கம்புகளால் காட்ட வேண்டும். இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம் என்று. எங்கள் ஊரில் அது மூன்று கிழமை அப்படியே நிற்க வேண்டும். அந்த நாட்களில் வரைபடங்களை ஊர் நிர்வாகக் கந்தோரில் எல்லோரும் பார்க்கும்படி விரித்து வைப்பார்கள். பிடிக்காத அயலவர்கள் ஆட்சேபம் எழுதலாம். இதை முதன்முதல் அறிந்தபோது நான் வாயைப் பிளந்தேன். மட்டக்களப்பில் நாங்கள் இருந்த ஒழுங்கையில், விடிந்து பார்த்தால் பக்கத்து வீட்டு மதில் எங்கள் கிணற்றடியில் நிற்கும். ஏனென்று கேட்டால் அடி விழும். இங்கே என்னடா என்றால், கட்ட முன்னரே காற்றில் கோடு போட்டு உன் விருப்பத்தைக் கேட்கிறார்கள். எவ்வளவு நேர்மையான ஆட்கள் என்று நினைத்தேன்.

பிறகு அந்த நேர்மையின் பின்பக்கத்தைத் துடைக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் கெமைண்ட என்று சொல்கிற ஊர்க் கந்தோரில் நான் துப்புரவுத் தொழிலாளி. இரண்டாம் மாடியில் இருந்தது பௌஅம்ட், அதாவது கட்டட அனுமதி கொடுக்கிற பகுதி. ஆறு வருடம் அந்த மாடி என்னுடைய பொறுப்பு.

அந்த மாடிக்கென்று ஒரு மணம் இருந்தது. புதிதாக அச்சடித்த பெரிய வரைபடத் தாள்களின் புளித்த மணம், ஆறிப்போன கோப்பி, அலுமாரிக்குள் யாரோ மறந்துபோன வாழைப்பழம். கோப்பைகளின் அடியில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். ஒரு மரம் வேலியில் இருந்து எத்தனை சென்றிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து அளந்து கடிதம் எழுதுகிற மனிதர்களுக்கு, ஒரு அடி தூரத்தில் இருக்கிற மூத்திரக் கிண்ணத்தை அளக்கத் தெரியாது. ஒவ்வொரு நாளும் மூக்கைப் பொத்திக்கொண்டு தரையைத் தேய்ப்பேன். அதே ஆட்கள், துர்நாற்றம் வரும் என்ற காரணத்தால் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அனுமதி மறுத்துக் கடிதம் எழுதினார்கள். அதன் பிரதி குப்பைக் கூடையில் கிடந்தது. வாசித்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு முடிந்தபிறகு அடுத்த கிண்ணத்தைத் தேய்த்தேன்.

வாசித்தேன் என்று சொல்லிவிட்டேன். அது குற்றம். வேலைக்குச் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மேசைகளின்மேல் இருக்கும் எதையும் வாசிக்கக்கூடாது, வாசித்ததை வெளியே சொல்லக்கூடாது. எனக்கு முன்னர் இருந்தவர் ஏதோ வாய் தவறிச் சொல்லி வேலையை இழந்தவர் என்று எங்கள் மேற்பார்வையாளர் இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். குப்பைக் கூடையைப் பற்றித் தாளில் ஒன்றும் இல்லை என்பது என் நியாயம். அதைவிட, நடைபாதையில் ஒரு நீள மேசை போட்டு, ஊருக்குக் காட்டுகிற வரைபடங்களைப் பகிரங்கமாகவே வைத்திருப்பார்கள். காலையில் அவற்றை விரித்து வைப்பதும் மாலையில் மடித்து எடுப்பதும் நான்தான். என் ஜெர்மன் பாடசாலை அந்த மேசையும் கூடையும்தான். நிழல், இரைச்சல், புகை, எல்லை மீறல், சகிக்க முடியாதது. மற்றவர்கள் வணக்கம், நன்றி என்று தொடங்கி மொழி பழகுவார்கள். எனக்கு முதலில் வந்ததெல்லாம் முறைப்பாடு. இன்றைக்கும் நான் ஜெர்மனில் நல்ல வார்த்தை சொன்னாலும் வழக்குப் போடுவது மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொல்லுவீர்கள்தானே, அதற்கு இதுதான் காரணம்.

இனி விமலா ரீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிழமை நாட்களில் ரீச்சர் முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டுகிற வேலை செய்தவர். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் பதினான்கு பேருக்குத் தமிழ் படிப்பித்தவர். இடம் எது தெரியுமா? அவர் இருந்த தொடர்மாடியின் நிலக்கீழ் அறை. உடுப்புக் காயப்போடுகிற அறை. கொடியில் யாருடையவோ படுக்கை விரிப்புகள் தொங்கும். அவற்றுக்குக் கீழே பிள்ளைகள் குந்தியிருந்து ஆனா, ஆவன்னா சொல்லும். கொப்பிகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். சவர்க்காரத் தூளின் மணத்துக்கு ஒரு பொடியன் இருமிக்கொண்டே இருப்பான். ரீச்சர் அவனைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவார். பிறகு கட்டட நிர்வாகம் கடிதம் அனுப்பியது. கோடை விடுமுறைக்குப் பிறகு அந்த அறையில் வகுப்பு நடக்கக்கூடாது.

அப்போதுதான் குணம் அண்ணை கிளம்பினார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிற, ஊரில் நாலு தமிழர் கூடினால் அதற்குத் தலைவராகிவிடுகிற மனிதர். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பழைய தளபாடக் களஞ்சியம் சும்மா கிடந்தது. அதன் சொந்தக்காரர், அனுமதி கிடைத்தால் வாடகைக்குத் தருகிறேன், ஆனால் கோடை முடியுமட்டும்தான் பொறுப்பேன் என்றார். அங்கே மலசலகூடம் இல்லை. முன்பக்கமாக ஒரு சின்ன அறை சேர்த்துக் கட்ட வேண்டும். சனிக்கிழமை வகுப்பு, வெள்ளிக்கிழமை ஒரு சாமிப் படம் வைத்துத் தேவாரம், அவ்வளவுதான் திட்டம். கூட்டத்தில் எல்லோரும் மண்டபம், மேடை, விளக்கு என்று கதைத்தபோது ரீச்சர் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு மேடை ஒண்டும் வேண்டாம். ஒரு யன்னல் இருந்தால் காணும். பிள்ளையள் வெளிச்சத்திலை எழுதட்டும்."

இந்த விஷயத்தில் எங்கள் கூட்டத்தின் நிபுணர் நான். ஏனென்றால், "எங்கை வேலை?" என்று கேட்டவர்களுக்கு நான் "பௌஅம்ட்டிலை" என்று சொல்லியிருந்தேன். அது பொய் இல்லை. அந்த உண்மைக்குக் கோட்டும் டையும் போட்டுவிட்டது அவர்கள். நான் கழற்றவில்லை. குணம் அண்ணை மற்றவர்களிடம் என்னைக் காட்டி, "எங்கட ஆள் உள்ளுக்கை இருக்கிறார், பயப்பிடாதேங்கோ" என்பார். எனக்கு நெஞ்சு நிமிரும். மறுநாள் அதே நெஞ்சைக் குனித்துக் கிண்ணம் தேய்ப்பேன்.

கம்புகள் நட்ட ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடும்பமாகப் பார்க்கப் போனோம். மொத்தமே ஆறு கம்புகள். வரப்போவது ஒரு கழிப்பறை. ஆனால் அன்றைக்கு அந்தக் கம்புகளைப் பார்த்து எங்கள் பெண்கள் அழுதார்கள். இந்த நாட்டு மண்ணில் எங்களுக்கென்று ஒரு கால் ஊன்றியாகிவிட்டது என்று. குணம் அண்ணை கையைத் தட்டினார்.

"கால் நட்டாச்சு. வெறுங்காலா விடலாமோ? கன்னிக்கால் மாதிரி முறையாச் செய்வம்."

கல்யாணத்துக்குப் பந்தல் போட முன்னர் முதல் கால் நட்டு, மஞ்சள் துணி கட்டி, பால் வார்ப்பார்களே, அது. மாவிலை, தேங்காய், மோதகம், விற்க றோல்ஸ் எல்லாம் எங்கிருந்தோ வந்துவிட்டன. முதலில் இருந்தே திட்டம் போட்டுத்தான் வந்திருக்கிறார்கள். கம்பின் அடியில் பால் வார்த்தார்கள். ஆனால் மஞ்சள் துணி உச்சியில் பறக்க வேண்டும் என்று குணம் அண்ணைக்கு ஆசை. தன் தோட்டத்தில் போஞ்சிக் கொடி ஏற்றுகிற நீளத் தடி ஒன்றைக் கார்க் கூரையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதன் நுனியில் துணியை முடிந்து, அலுமினியக் கம்போடு சேர்த்துக் கட்ட ஏணியில் ஏறினார்.

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உது கட்டினால் ஒரு பிரச்சினையும் வராதோ?"

கம்புகளைத் தொடக்கூடாது என்று நடைபாதை மேசையில் ஒட்டியிருந்த அறிவித்தலை நான் நூறு முறை துடைத்திருப்பேன். ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரீச்சர், நான் அங்கைதானே வேலை செய்யிறன். அது சும்மா ஒரு துணி."

"கேட்டியளே? ஆள் சொல்லிப்போட்டார்" என்று ஏணியில் இருந்து குணம் அண்ணை கத்தினார். தடி கம்பைவிட இரண்டு மீற்றர் உயர்ந்து நின்றது. மஞ்சள் துணி நன்றாகப் பறந்தது. எதிர்வீட்டுச் சுவிஸ் அம்மா, யன்னலில் சிவப்புப் பூத்தொட்டி வைத்திருப்பவர், நடந்துவந்து "அழகு, அழகு" என்று சொல்லி இரண்டு றோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவதைக் கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வியாழக்கிழமை காலை. பௌஅம்ட்டின் தலைவர் வீட்மர் என்பவர். ஒவ்வொரு நாளும் என் பெயரைச் சொல்லிக் காலை வணக்கம் சொல்கிற ஒரே ஆள் அவர்தான். அதனால் அவர் மேசையைக் கொஞ்சம் அன்பாகவே துடைப்பேன். அன்றைக்குத் தொலைபேசியைத் தூக்கித் துடைத்தால், கீழே ஒரு படம். எங்கள் மஞ்சள் துணி. அதைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். படத்தின் கீழ்மூலையில் ஒரு பூத்தொட்டியின் விளிம்பு. படத்தோடு ஒரு சின்ன மஞ்சள் தாள், வீட்மரின் கையெழுத்து. அவர்களுக்கு ஒன்றும் அறிவிக்க வேண்டாம், தவணை முடியட்டும்.

எனக்கு ஜெர்மன் தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நல்லது. ஒரு சொல்கூடத் தப்பவில்லை, அத்தனையும் விளங்கியது. மூன்று கிழமையும் முடியவிட்டு, கம்பு வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை, காட்சிக்கு வைத்தது செல்லாது, முதலில் இருந்து தொடங்குங்கள் என்று சொல்லப் போகிறார்கள். அதற்குள் கோடை முடிந்துவிடும். சட்டத்தில் பிழை இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் கழற்ற வைத்திருக்கக்கூடிய ஒரு போஞ்சித் தடி. பூனை எலி வளையில் காத்திருப்பதாவது பசிக்கு. இது என்ன பசி?

கதவு திறந்தது. வீட்மர். என் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார். மனைவி எப்படி இருக்கிறார், குழந்தை எப்போது என்று விசாரித்தார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு சொக்லட் தந்தார். பிள்ளைகளே, நான் அதை வாங்கினேன். நன்றி சொன்னேன். நடைபாதையில் நின்று சாப்பிட்டேன். நாக்கில் அந்த இனிப்பு ஏறியபோது வந்த அருவருப்பு, ஆறு வருடம் மூத்திரக் கிண்ணம் தேய்த்தபோது வந்ததில்லை.

அன்று பின்னேரம் குணம் அண்ணைக்குப் போன் அடித்தேன்.

"அண்ணை, அந்தப் போஞ்சித் தடியைக் கழட்டினால் என்ன?"

"உனக்கென்ன விசரே? நல்ல காரியம் முடியாமல் கன்னிக்காலைக் கழட்டிறதோ? ஏன், என்ன விஷயம்?"

ஏன் என்று அவர் கேட்டார். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். என்னுடைய விசா அப்போது வருடா வருடம் புதுப்பிக்கிறது. வேலை இருந்தால்தான் விசா. உங்கள் அம்மாவுக்கு ஐந்தாம் மாதம். கையெழுத்துப் போட்ட தாள் கண்ணுக்குள் நின்றது.

"ஒண்டுமில்லை அண்ணை, காத்துக்கு விழுந்திடுமோ எண்டு..."

"விழாது. நான் கட்டின கட்டு" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

மறுநாள் வேலைக்குப் போக முன்னர் நானே கழற்றிவிடலாம் என்று அங்கே போனேன். ஏணி கொண்டுபோகவில்லை, அது என் புத்தி. கம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டில் பூத்தொட்டிக்குப் பின்னால் திரை அசைந்தது. அடுத்த படத்தில் நான் இருப்பேன் என்று தோன்றியது. கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரயிலுக்கு நிற்கிறவன் மாதிரி ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடந்தேன்.

பிறகு இரண்டு கிழமை நான் கூட்டங்களுக்குப் போகவில்லை. வேலை கூடிவிட்டது என்று சொன்னேன்.

கடிதம் சொல்லிவைத்தது போல வந்தது. குணம் அண்ணையும் ரீச்சரும் அதைத் தூக்கிக்கொண்டு நேரே கெமைண்டவுக்கு வந்துவிட்டார்கள். இருவருக்கும் ஜெர்மன் மட்டுமட்டு. நான் வாளியும் தும்புக்கட்டையுமாக நடைபாதையில் நிற்கிறேன். வீட்மர் கதவால் தலையை நீட்டி, நீ இவர்களுடைய மொழி பேசுவாய்தானே, கொஞ்சம் வா என்றார். வாளியை வைக்க எனக்குத் தோன்றவில்லை. அதோடேயே உள்ளே போனேன்.

குணம் அண்ணை முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நீலச் சட்டையை. பிறகு வாளியை.

"நீ இஞ்சை உதோ செய்யிறனி?"

"ஓம் அண்ணை."

"எத்தினை வரியமா எங்களைப் பேய்க்காட்டினனி?"

ரீச்சர் அவர் கையைத் தொட்டார். "விடுங்கோ அண்ணை. நானும் கழுவிறனான்தானே. தம்பி, நீங்கள் இவரிட்டைக் கேளுங்கோ, தொடக்கத்திலையே எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே எண்டு. அண்டைக்கே கழட்டியிருப்பம்."

கேட்டேன். வீட்மர் கவலையான முகத்தோடு தலையை ஆட்டினார். எங்களுக்கும் மிகவும் வருத்தம், ஆனால் கடைசி நாளில்தான் கவனித்தோம் என்றார். சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். நான் அந்தத் தாளைப் பார்த்தது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"கடைசி நாள்தான் கண்டவையாம், ரீச்சர்" என்று நான் மொழிபெயர்த்தேன். சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு.

"அப்ப அவையிலை பிழை இல்லை" என்றார் ரீச்சர். "எங்கட பிழைதான். உங்களுக்கு நன்றி தம்பி, நீங்கள் இல்லாட்டில் இதுவும் விளங்கியிராது."

குணம் அண்ணை நன்றி சொல்லவில்லை. படியிறங்கும்போது திரும்பி, "சும்மா ஒரு துணி, என்ன?" என்று மட்டும் கேட்டார்.

களஞ்சியத்தைச் சொந்தக்காரர் வேறு ஆளுக்கு, கார் ரயர் அடுக்கிவைக்கக் கொடுத்தார். திரும்ப விண்ணப்பிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ரீச்சர் கொஞ்சக் காலம் தன் குசினி மேசையில் நாலு பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பிறகு இரண்டு. பிறகு தங்கச்சியோடு இருக்கப் பாடன் பக்கம் போய்விட்டார். கார் இருந்தவர்கள் பிள்ளைகளை வேறு ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். என்னிடம் கார் இல்லை. சனிக்கிழமை எனக்கு வேலை. அந்த வருடக் கடைசியில் மூத்தவள் பிறந்தாள், பிறகு இளையவன். உங்களுக்கு ஐந்து வயதானபோது, தமிழ் எழுத்துப் படிக்க இந்த ஊரில் நிலக்கீழ் அறைகூட இருக்கவில்லை. நான் படிப்பிக்கப் பார்த்தேன். நித்திரை தூங்கிக்கொண்டு பிடித்த பென்சிலில் ஈயன்னாவுக்கு மேலே போகவில்லை. உங்களுக்குத் தமிழ் கதைக்க வரும். பகிடி பண்ணவும் வரும். வாசிக்கத் தெரியாது.

அந்தப் பதினான்கு பிள்ளைகளின் சத்தம் இந்த ஊரில் இப்போது எங்கேயும் இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையை நீங்கள் வாசிக்கப் போவதில்லை. நான்தான் உங்கள் இருவரையும் சோபாவில் இருத்தி வாசித்துக் காட்ட வேண்டும். வீட்மரின் அறையில் நான் மொழிபெயர்த்த இடம் வரும்போது, தாள் இரண்டைச் சேர்த்துப் புரட்டிவிட்டால் உங்களுக்குத் தெரியவராது. அன்றைக்கு ரீச்சருக்கும் தெரியவரவில்லை. ஆனபடியால் வாசிக்கும்போது போனைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.